திங்கட்கிழமை இருமல்

எனக்கு என்ன நோய் என்று முதலில் யாரும் கேட்கவில்லை. ஒட்டுமா, ஒட்டாதா என்றுதான் கேட்டார்கள். மாமியார் கேட்டார். குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் கேட்டார். டாக்டருக்கு எதிரே உட்கார்ந்திருந்த நானும் அதையேதான் கேட்டேன்.

"ஒட்டுமுங்களா?"

எங்கள் ஊர்ச் சின்ன ஆஸ்பத்திரியின் டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "நெழல் மாதிரி தெரியுது. டிபியாத்தான் இருக்கும். டிபின்னா ஒட்டத்தானே செய்யும்" என்றார்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு முப்பத்திரண்டு வயது. பல்லடம் சாலையில் ஒரு நூற்பாலையில் பன்னிரண்டு வருடமாக புளோ ரூமில் வேலை செய்துவந்தேன். இறுக்கிக் கட்டிய பஞ்சுப் பொதியான பேலைப் பிரித்து இயந்திரத்தில் போட்டு, அடித்து உதறி, தூசியும் கொட்டையும் பிரித்தெடுக்கிற இடம் அது. ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது புருவமும் காது மயிரும் வெள்ளையாக இருக்கும். என் மனைவி கிரேஸ் அப்போது எட்டு மாத கர்ப்பிணி. எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து வரப்போகிற முதல் குழந்தை.

அன்று சாயங்காலமே மாமியார் வந்து கிரேஸைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார். நான் தடுக்கவில்லை. கிளம்பும்போது கிரேஸ் என் பக்கம் வரப் பார்த்தாள். நானே பின்னால் நகர்ந்து சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டேன். "போ, போ. கிட்ட வராதே" என்றேன். அவள் அழுதுகொண்டே போனாள்.

அடுத்த மாதம் பெண் குழந்தை பிறந்தது. சேதி வந்ததும் போனேன். வாசற்படியைத் தாண்டவில்லை. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு நின்றேன். கிரேஸ் உள்ளே இருந்தபடியே குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை, சிவப்பாக ஒரு சின்னக் கை மட்டும் தெரிந்தது. இருமல் வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்து இருமினேன்.

மாத்திரைகள் பெரியவை. விழுங்கினால் வயிற்றைப் புரட்டும். சிறுநீர் செங்கல் நிறத்தில் போகும். முதல்நாள் அதைப் பார்த்து ரத்தம் என்று நினைத்து கழிப்பறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மாத்திரையின் நிறம் அது என்று மருந்துக்கடைக்காரர் சொன்ன பிறகுதான் அடுத்த மாத்திரையை விழுங்கினேன்.

ஏழு வாரம் லீவில் இருந்தேன். இருமல் குறைந்தது. நெஞ்சு லேசானது. மருந்து வேலை செய்கிறது என்று நம்பி, ஒரு திங்கட்கிழமை ஆலைக்குப் போனேன். அன்று மதியத்துக்குள் நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கியது போல ஆகிவிட்டது. மூச்சு உள்ளே போகிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. கூட வேலை செய்யும் ஆறுச்சாமியண்ணன்தான் என்னைப் பிடித்து வெளியே கூட்டிவந்து, கேண்டீனில் வாங்கிய தன் டீயில் பாதியைக் குடிக்க வைத்தார். ஐம்பதைத் தாண்டியவர். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நாங்கள் ஒரே டம்ளரில் டீ பகிர்ந்து குடிப்போம்.

"அண்ணா, இந்த டம்ளர்ல குடிக்காதீங்க" என்றேன்.

"அட போ தம்பி" என்று மிச்சத்தைக் குடித்தார். குடித்து முடித்ததும் அவரும் இருமினார். நீண்ட இருமல். அவருக்கு இது எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டேன். "அது ஒரு மாசமா கெடக்குது" என்றார் சாதாரணமாக.

நான் கொடுத்துவிட்டேன், என் நோயை இந்த மனிதருக்குக் கொடுத்துவிட்டேன் என்று பட்டது. அதன்பின் என்னைப் பற்றிய பயத்தைவிட அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. மருந்துக்கு அடங்காத டிபி வந்துவிட்டது, தொட்டவர்களுக்கெல்லாம் தந்துகொண்டிருக்கிறேன் என்றே நினைத்தேன். மறுநாள் தனியாகப் பஸ் ஏறி, கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். நெஞ்சு நோய்ப் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள்.

நீளமான வார்டு. இரண்டு பக்கமும் உயரமான ஜன்னல்கள். மழை அடித்தாலும் அவற்றைச் சாத்தக் கூடாது என்பது அங்கே சட்டம். காற்று ஓட வேண்டுமாம். பகல் முழுக்க யாராவது ஒருவர் இருமிக்கொண்டே இருப்பார். ஒருவர் ஆரம்பித்தால் அடுத்தவர், அதற்கடுத்தவர். அந்த இருமல் வரிசையாக என் கட்டிலை நோக்கி வருவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன்.

பக்கத்துக் கட்டிலில் ரங்கன். மேட்டுப்பாளையம் காய்கறி மண்டியில் உருளைக்கிழங்கு மூட்டை தூக்குகிறவர். தோள் இரண்டும் பலகை போல இருக்கும். உடம்பு மட்டும் சட்டைக்குள் தொங்கும். முதல் நாளே என்னிடம் கேட்டார். "ஏனுங்க, உங்களுக்கும் டிபிங்களா?"

"ஆமாங்க."

"பயப்படாதீங்க. நான் வரும்போது எந்திரிச்சு நிக்க முடியலீங்க. இப்பப் பாருங்க" என்று கட்டிலிலிருந்து எழுந்து நின்று காட்டினார். வீட்டிலிருந்து வந்த ஆரஞ்சை உரித்துப் பாதி எனக்குக் கொடுத்தார். இரண்டு பேருக்கும் ஒரே நோய்தானே என்று வாங்கிச் சாப்பிட்டேன். இரண்டு மாதத்தில் இன்னொருவர் கையிலிருந்து நேராக வாங்கித் தின்ற முதல் பண்டம் அது.

மூன்று நாள் காலையில் சளி எடுத்தார்கள். நர்ஸ் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து, "எச்சி வேண்டாம். நல்லா இருமி, நெஞ்சுக்குள்ள இருந்து வர்றதைத் துப்புங்க" என்பார். அதைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்களாம். டிபிக் கிருமி இருந்தால் சிவப்புக் குச்சிகளாகத் தெரியுமாம். புதிதாக எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். முடிவு வரும்வரை காத்திருந்த அந்த நான்கு நாளில் நான் குழந்தைக்கு ஒரு பெயர்கூட யோசிக்கத் துணியவில்லை. பெயர் வைத்தால் ஏதோ ஆகிவிடும் என்று இருந்தது.

ஐந்தாம் நாள் நெஞ்சு டாக்டர் வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, மூன்று சளி முடிவையும் பார்த்தார். இரண்டு எக்ஸ்ரேயையும் பார்த்தார். பழையதை அதிக நேரம் பார்த்தார்.

"இதுல நெழல்னு யாரு சொன்னது? படம் சரியா விழலை, அவ்வளவுதான். சளியிலயும் ஒண்ணும் இல்லை. மாத்திரை சாப்பிட்டதால தெரியாமப் போயிருக்கலாம். ஆனா எக்ஸ்ரேயும் சுத்தமா இருக்கு. என்ன வேலை பண்றீங்க தேவராஜ்?"

"மில்லுலீங்க. புளோ ரூம்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதற்குமுன் எந்த டாக்டரும் எனக்காக உட்கார்ந்ததில்லை.

"நெஞ்சு இறுக்கம் எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்குமா? இல்ல, ஏதாவது ஒரு நாள் அதிகமா இருக்குமா?"

யோசித்தேன். இதற்கு முன் இதை யோசித்ததே இல்லை. "திங்கக்கெழமைங்க. திங்கக்கெழமைதான் நெம்ப மோசம். வார நாள் போகப் போகக் கொஞ்சம் பரவாயில்லீங்க. ஞாயித்துக்கெழமை லீவுல ஒண்ணும் இருக்காது."

"எத்தனை வருஷமா?"

"நாலு வருஷமாவே கொஞ்சங் கொஞ்சம் இருக்குதுங்க. இப்பத்தான் முத்திப்போச்சு."

அவர் கண்ணாடியை இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "கிருமிக்குக் கிழமை தெரியாது தேவராஜ். ஞாயித்துக்கிழமை லீவு எடுத்துக்கற கிருமி கிடையாது. உங்களுக்கு இருக்கறது பஞ்சுத்தூசியால வர்ற நோய்னு நெனைக்கறேன். உறுதி பண்ணணும்."

"அது... ஒட்டுமுங்களா?"

"ஒட்டாது."

அந்த ஒரு சொல்லுக்காக இரண்டு மாதம் காத்திருந்தேன். சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஒரு நிமிஷம்தான். அடுத்த நிமிஷம் என் தலை தானாகத் திரும்பி ரங்கனைப் பார்த்தது. எனக்கு டிபி இல்லை. அவருக்கு இருக்கிறது. ஐந்து நாளாக நான் அவருக்கு மூன்றடி தள்ளிப் படுத்து, அவர் இருமிய காற்றை இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று மதியம் ரங்கன் வழக்கம்போல ஆரஞ்சை உரித்து நீட்டினார். "வேண்டாமுங்க, வயிறு சரியில்லை" என்றேன். சொல்லிவிட்டுக் கட்டிலை ஜன்னல் பக்கமாக நகர்த்தினேன். கட்டில் கால் தரையில் உராய்ந்து கிறீச்சென்று சத்தம் வந்தது. வார்டே திரும்பிப் பார்த்தது. ரங்கன் நீட்டிய கையை மடக்கி, அந்தப் பாதியையும் தானே தின்றார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எனக்கு மாமியார் என்ன செய்தாரோ அதையே நான் அவருக்குச் செய்தேன். தெரிந்தேதான் செய்தேன். பயம் அப்படிச் செய்ய வைத்தது.

சாயங்காலம் டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "ரங்கன் சளியில இப்பக் கிருமி இல்லை. ரெண்டு மாசமாச் சரியா மாத்திரை சாப்பிடறாரு. மருந்து ஆரம்பிச்சுக் கொஞ்ச நாள்லயே பரவறது குறைஞ்சிரும். அதோட, டிபி தட்டுலயும் டம்ளர்லயும் ஒட்டறதில்லை. இருமும்போதும் தும்மும்போதும் காத்துல வர்றது அது. அதுக்குத்தான் ஜன்னலைத் தெறந்து வெக்கச் சொல்றோம்" என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார். "அவருக்குச் சர்க்கரையும் இருக்கு. சர்க்கரை யாருகிட்ட இருந்தும் ஒட்டி வர்றதில்லை. உடம்புக்குள்ளயே உண்டாகிற கோளாறு. ஆனா அது உடம்போட எதிர்ப்புச் சக்தியைக் குறைச்சிருச்சு. டிபி உள்ள வர அதுவே வழி விட்டிருச்சு."

மறுநாள் காலை கட்டிலைப் பழைய இடத்துக்கு நகர்த்தினேன். ரங்கனிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "வயிறு இப்பச் சரியாயிருச்சுங்க" என்றேன். அவர் என் பக்கம் திரும்பிப் படுத்தார். "ஆரஞ்சு தீந்துபோச்சுங்க. பொழுதோட எம்பொண்டாட்டி கொண்டாருவா" என்றார்.

நோயை உறுதி செய்ய டாக்டர் ஒரு வழி சொல்லி, என்னை வீட்டுக்கு அனுப்பினார். கை நீளத்துக்கு ஒரு ஊதுகுழாய் கொடுத்தார். மூச்சை முழுக்க இழுத்து ஒரே மூச்சில் ஊதினால், அதில் ஒரு முள் நகர்ந்து எண்ணைக் காட்டும். மூச்சுக்குழல் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதற்கு அது கணக்கு. திங்கட்கிழமை ஒரே ஒரு ஷிப்டுக்கு நான் புளோ ரூமுக்குப் போக வேண்டும். நுழையுமுன் ஊத வேண்டும், முடிந்து வந்ததும் ஊத வேண்டும். மூச்சு ரொம்ப முட்டினால் உடனே வெளியே வந்துவிட வேண்டும். வாயில் வைக்க அட்டைக் குழல்கள் ஒரு கொத்துத் தந்து, "யாருக்காவது கொடுத்தா ஆளுக்கொண்ணு மாத்திக்கங்க" என்றார்.

அந்தத் திங்கட்கிழமை புளோ ரூம் கதவருகே நின்றபோது இருந்த பயம் ஆஸ்பத்திரியில்கூட இருந்ததில்லை. பன்னிரண்டு வருடம் யோசிக்காமல் நுழைந்த கதவு அது. இப்போது உள்ளே மிதந்த ஒவ்வொரு தூசும் கண்ணுக்குத் தெரிந்தது. ஊதினேன். முள் நானூற்று எழுபதில் நின்றது. மதியம் ஷிப்ட் முடிந்து, சுவரைப் பிடித்தபடி வந்து ஊதினேன். முந்நூற்று அறுபது.

கூட இருந்தவர்களும் காலையிலேயே ஆளாளுக்கு வாங்கி ஊதியிருந்தார்கள். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார்கள். மதியம் ஊதியபோது யாரும் சிரிக்கவில்லை. ஐந்து பேரில் மூன்று பேருக்கு முள் இறங்கியிருந்தது. ஒருவருக்கு மாற்றமில்லை. ஆறுச்சாமியண்ணனுக்குக் காலையில் இருநூற்று எண்பது, மதியமும் இருநூற்று எண்பது. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் டாக்டரைப் பார்க்கப் போனபோது கிரேஸும் வந்தாள். குழந்தையை அவள் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, எனக்கிருப்பது பஞ்சுத்தூசி நோய்தான் என்றார். கிரேஸ் மெல்லிய குரலில் கேட்டாள். "அப்புறம் ஏனுங்க அங்க வேலை செய்யறவங்க அத்தனை பேரும் இருமறாங்க? ஒட்டித்தானே வந்திருக்கோணும்?"

"நல்ல கேள்வி அம்மணி. ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்குப் போகலை. எல்லாருக்கும் ஒரே எடத்துல இருந்து வந்திருக்கு. ஒரே தூசியை எல்லாரும் இழுக்கறாங்க. டைபாய்டு, காலரா, டிபின்னா உயிருள்ள கிருமி ஒண்ணு உள்ள போகுது. தண்ணியில போகும், காத்துல போகும். மலேரியான்னா கொசு கொண்டுபோய் விடும். அதுக்கு மருந்து இருக்கு, கிருமி செத்தா நோய் போயிரும். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, இருதய நோய், இந்தத் தூசி நோய் இதெல்லாம் வேற. சாப்பாடு, பீடி, வேலை, பொறப்பு, வயசுன்னு பல காரணம் சேர்ந்து வருஷக்கணக்கா உள்ள வளருது. அடுத்தவங்களுக்குப் போகாது. ஆனா..." அவர் என்னைப் பார்த்தார். "சுலபமா வந்த எடத்தை விட்டும் போகாது."

"எனக்குப் போகாதுங்களா?"

"இப்பவே தூசியை விட்டு வெளிய வந்தா இதுக்குமேல வளராது. கொஞ்சம் திரும்பவும் செய்யும். போன மூச்சு முழுக்கத் திரும்பும்னு நான் சொல்ல மாட்டேன். டிபி மாத்திரையை நிறுத்திருங்க. மூச்சு முட்டினா மட்டும் போட வேற மாத்திரை தர்றேன்."

நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். டிபி என்று சொன்னபோது ஆறேழு மாத மருந்து என்று ஒரு கணக்காவது இருந்தது. இதற்குக் கணக்கே இல்லை.

டாக்டர் தாளில் விரலை வைத்தார். "இந்த ஆறுச்சாமி யாரு? இவருக்கு மட்டும் காலையிலயே இவ்வளவு குறைவு, மதியமும் அதே. எளைச்சிருக்காரா? சாயங்காலம் காய்ச்சல் அடிக்குதா?"

இளைத்துத்தான் இருந்தார். பெல்ட் போடாத மனிதர் வேட்டிக்குப் பெல்ட் கட்டியதைப் பார்த்து நாங்கள் கேலி செய்திருந்தோம். "எங்கிட்ட இருந்துதான் அவருக்கு இருமல் வந்துச்சுன்னு நெனைச்சேனுங்க" என்றேன்.

"உங்ககிட்ட கொடுக்க ஒண்ணுமே இல்லையே. அவரைக் கூட்டிட்டு வாங்க. சீக்கிரம்."

அன்று மாமியார் வீட்டுக்குள் போனேன். கிரேஸ் குழந்தையை என் மடியில் வைத்தாள். ஒரு பூனைக்குட்டியின் கனம்கூட இல்லை. முகத்தைக் கிட்டே கொண்டுபோகப் பயமாக இருந்தது. ஒட்டாது, ஒட்டாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே நெற்றியில் முத்தம் வைத்தேன். மாமியார் சுவரோரமாக நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "நான் வேற என்ன பண்றது, சொல்லுங்க மாப்பளை?" என்றார்.

ஆறுச்சாமியண்ணனைப் பஸ்ஸில் கூட்டிப்போக மூன்று நாள் கெஞ்ச வேண்டியிருந்தது. அவர் சளியில் கிருமி இருந்தது. நிறைய இருந்தது.

ஒரே அறை, ஒரே டீ, ஒரே மாதிரி இருமல். ஆனால் இரண்டு வேறு நோய்கள். நான் அவருக்குக் கொடுத்துவிட்டதாக நினைத்துத் தூங்காமல் கிடந்தேன். கொடுத்திருக்கக்கூடியவர் அவர்தான். குழந்தையை முத்தமிட்டது ஞாபகம் வந்தது. டாக்டர் என்னையும், ஆறுச்சாமியண்ணன் வீட்டில் எல்லோரையும் வரவழைத்துப் பரிசோதித்தார். எங்கள் குழந்தைக்குப் பிறந்தவுடன் தோளில் டிபி தடுப்பூசி போட்டிருந்தார்கள். இருந்தும் அவளையும் பார்த்தார். முடிவுகள் வர ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரம் குழந்தை தும்மினால்கூட நானும் கிரேஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். யாருக்கும் ஒன்றும் இல்லை என்று வந்தது. குழந்தைக்கு அன்றுதான் பெயர் வைத்தோம், ஷீலா.

ரங்கனும் அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தார். ஆறுச்சாமியண்ணன் ஆறு மாதம் ஒரு நாள் தவறாமல் மாத்திரை சாப்பிட்டார். வாரத்துக்கு ஒருநாள் நான் போய் அட்டையை எண்ணிப் பார்ப்பேன். கன்னம் நிறைந்தது. கடைசிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்ததும், வார்டில் இருந்த எல்லோருக்கும் ஜாங்கிரி கொடுத்தார். எனக்கு அதற்குள் ஆலை வாசலில் பேல் எடை போடும் வேலைக்கு மாற்றல் கிடைத்திருந்தது. திறந்தவெளி. மாடிப்படி ஏறினால் நெஞ்சில் இன்றைக்கும் விசில் சத்தம் வரும்.

அவர் வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமை. நேராகப் புளோ ரூமுக்குப் போகப் பார்த்தார். நான் டாக்டரிடம் கேட்டு வாங்கி வைத்திருந்த ஊதுகுழாயை எடுத்துக்கொண்டு குறுக்கே நின்றேன். "அட, பூச்சிதான் செத்துப்போச்சே தம்பி" என்று சிரித்தார். எனக்காக ஊதினார். முந்நூற்று எண்பது. ஷிப்ட் முடிந்து வந்ததும் மறுபடி ஊதச் சொன்னேன். முந்நூற்றுப் பத்து.

அவருக்கு எழுத்து தெரியாது. எண் தெரியும். முள்ளை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இதுக்கு எத்தனை மாசம் மாத்திரை?"

"இது மாத்திரைக்குப் போறதில்லீங்கண்ணா."

வாசலில் கிடந்த பேல் ஒன்றின்மேல் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப மேஸ்திரிகிட்ட எனக்கும் வெளிய வேலை இருக்குதான்னு கேளு, சாமி. எனக்குப் பயமா இருக்குது" என்றார்.

அவரைப் பேலின்மேலேயே விட்டுவிட்டு, மேஸ்திரியைத் தேடிப் போனேன்.